அழவும் கூடாத நாட்கள்

பச்சிளங்குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் யாரும் வாய்விட்டு அழுவதில்லை. விபத்துப் பிரிவின் வாசலில் அழுகிறார்கள், பிணவறைப் பக்கம் மாரில் அடித்துக்கொண்டு அழுகிறார்கள், மருந்துக் கடை வரிசையில் நின்றுகொண்டு செல்போனில் பேசிக்கொண்டே அழுகிறார்கள். இந்த ஒரு தாழ்வாரத்தில் மட்டும் பெண்கள் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு சுவரோரமாகச் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார்கள். அந்த மௌனம் என்னை நெடுநாளாகத் தொந்தரவு செய்துகொண்டிருக்கிறது. அதைப் பொறுமை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உசுரோடு இருக்கும் பிள்ளையை நினைத்து அழக்கூடாது, அழுதால் ஆகாது என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. மகிழவும் கூடாது, கண் பட்டுவிடும், இன்னும் பிழைக்கவே இல்லையே என்று அதற்கும் தடை. பிள்ளை பிறந்த செய்தி சொல்லிச் சர்க்கரை கொடுக்கவில்லை, சேனை வைக்கவில்லை, காப்பு கட்டவில்லை, தொட்டில் போடவில்லை, பேர் வைக்கவில்லை. கேஸ் ஷீட்டில் இன்னாருடைய குழந்தை என்று அம்மாவின் பெயர்தான் இருக்கிறது. இறந்துபோனாலும் பெரும்பாலான வீடுகளில் அவ்வளவு சிறிய உயிருக்குப் பதினாறாம் நாள் கிடையாது. துணியில் சுற்றி, இரண்டு மூன்று ஆண்கள் போய்ப் புதைத்துவிட்டு வந்து குளித்துவிடுவார்கள். பிறப்புக்கும் சாவுக்கும் பூப்புக்கும் புதுமனைக்கும் முறைகளை வகுத்து வைத்திருக்கிற நம்மிடம், பிறந்தும் பிறக்காமலும் ஒரு குழந்தை பெட்டிக்குள் கிடக்கிற இருபது நாளுக்கு, நாற்பது நாளுக்கு, ஒரு முறையும் இல்லை. அந்த நாட்களில் ஒரு தாய் என்ன செய்ய வேண்டும், அவளோடு யார் இருக்க வேண்டும், அவளிடம் என்ன பேச வேண்டும் என்று யாருக்கும் தெரியாது. பேசத் தெரிந்த ஒருவர் அங்கே வேண்டும் என்ற எண்ணம் எனக்கு அந்த மௌனத்திலிருந்துதான் வந்தது.

உள்ளே இருப்பதைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்க வேண்டும். ஒரு கிலோ எடைக்குக் கீழான குழந்தையின் தோல் சிவந்து, மெழுகுத்தாள் போல மெலிந்து, அடியில் ஓடும் நரம்பு தெரியும். பாதத்தைச் சுற்றி ஒட்டிய உணர்கருவி சிவப்பாக ஒளிர்ந்துகொண்டிருக்கும். அந்த வெளிச்சத்தில் பாதமே உள்ளிருந்து எரிவதுபோல் இருக்கும். குதிகாலில் ரத்தம் எடுத்த புள்ளிகள். மூக்கில் மூச்சுக்கு உதவும் சிபேப் குழாய், வாய்வழியாகப் பால் போகும் இன்னொரு குழாய், கன்னத்தில் அவற்றை ஒட்டிய பிளாஸ்திரி. மஞ்சள் காமாலைக்கு நீல விளக்கு வைத்திருந்தால் கண்களை மூடிக் கட்டியிருப்பார்கள். அப்போது அம்மா பார்ப்பதற்கு முகத்தில் மிச்சமிருப்பது வாயும் தாடையும்தான். அவள் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவி, கவுன் போட்டு, செருப்பை விட்டு, பிள்ளையைக் கிடத்தியிருக்கும் வார்மர் பக்கத்தில் வந்து நிற்கிறாள். சிசேரியன் தையல் இழுக்கிறது. ஒரு கையால் வயிற்றைப் பிடித்திருக்கிறாள். கொஞ்ச நேரம் கழித்து, "சிஸ்டர், தொடலாமா?" என்று கேட்கிறாள். தான் பெற்றதைத் தொடுவதற்கு இன்னொருத்தியிடம் உத்தரவு கேட்க வேண்டியிருக்கிறதே, அந்த நொடியில் என்னவோ ஒன்று அவளுக்குள் ஒடிகிறது. சிஸ்டர் நல்லவர்தான். "தொடும்மா, கையை நல்லா கழுவிட்டீல்ல?" என்கிறார். அவளும் ஒற்றை விரலை நீட்டுகிறாள். பிள்ளை அந்த விரலைப் பற்றிக்கொள்வதும் உண்டு. சில நாள் தொட்டதும் அதன் நாடித்துடிப்பு இறங்கி மானிட்டர் அலறும். அப்படி ஒருமுறை அலறிவிட்டால் அவள் அடுத்த நாள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பாள். அன்றைக்கு அவள் தொட்டதற்கும் அந்த அலறலுக்கும் தொடர்பு இல்லாமலும் இருந்திருக்கலாம். அதை யாராவது அவளிடம் உட்கார்ந்து சொன்னார்களா என்பதுதான் கேள்வி.

தாயை வெளியே நிறுத்தும் வழக்கம் அந்தப் பெட்டியோடு சேர்ந்தே வளர்ந்தது. பாரிஸில் 1880ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஸ்தெஃபான் தார்னியே குறைமாதக் குழந்தைகளுக்கு இன்குபேட்டர் என்ற வெப்பப் பெட்டியைக் கொண்டுவந்தார். அவருக்குப் பின் வந்த பியேர் புதேன், பெட்டியில் வளர்ந்த பிள்ளைகளின் தாய்மாரைக் கூர்ந்து பார்த்து, தானே பார்த்துப் பராமரிக்காத குழந்தை மேல் சில தாய்மாருக்குப் பிடிப்பே அற்றுப்போகிறது என்று அப்போதே எழுதி வைத்தார். முடிந்தவரை தாயே பாலூட்ட வேண்டும் என்றும் வற்புறுத்தினார். அந்த எச்சரிக்கை காதில் விழாமலே அடுத்த அரை நூற்றாண்டு போயிற்று. அமெரிக்காவில் மார்ட்டின் கூனி 1903 முதல் 1943 வரை கோனி தீவில் இன்குபேட்டர் குழந்தைகளைக் கட்டணம் வாங்கிக்கொண்டு காட்சிக்கு வைத்தார். அந்தப் பணத்தில்தான் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் பிழைத்தார்கள். ஊரே வேடிக்கை பார்க்கலாம் என்றிருந்த இடத்தில் தாயும் பார்க்க வந்தவர்களில் ஒருத்தியாகத்தான் நின்றிருப்பாள் என்று நினைக்கையில் எனக்கு நெஞ்சு கனக்கிறது. பிறகு கிருமிப் பயம் வந்து கதவை இன்னும் இறுக்கிச் சாத்தியது. அது திறந்ததற்கு அன்பு மட்டும் காரணம் இல்லை, பற்றாக்குறையும் காரணம். கொலம்பியாவின் பொகோட்டாவில் 1970களின் இறுதியில் இன்குபேட்டர் போதாமல்தான் எட்கர் ரே குழந்தைகளைத் தாயின் மார்போடு கட்டிவிட்டார்; கங்காரு பராமரிப்பு என்று நம் ஊர் சிஸ்டர்கள் இன்று சொல்லித் தருவது அதுதான். எஸ்தோனியாவின் தாலின் நகரில் ஆதிக் லெவின் 1979இல், செவிலியர் போதாத மருத்துவமனையில், பராமரிப்பைத் தாய்மார் கையில் கொடுத்தார். இந்தியா, கானா, மலாவி, நைஜீரியா, தான்சானியா ஆகிய ஐந்து நாடுகளில் 3,211 குழந்தைகளை வைத்து நடந்து 2021இல் வெளியான ஆய்வு, பிறந்த உடனேயே தாயின் நெஞ்சில் வைத்த பிள்ளைகளில் 28 நாளுக்குள் இறந்தவை 12 சதவீதம், வழக்கமான முறையில் 15.7 சதவீதம் என்று காட்டியது. தில்லி சஃப்தர்ஜங் மருத்துவமனையும் அதில் இருந்தது. தாயும் சேயும் ஒரே தீவிர சிகிச்சை அறைக்குள் இருந்தார்கள் என்பதுதான் அந்த ஆய்வின் சாரம். குடும்பத்தைப் பராமரிப்பில் சேர்க்கச் சொல்லி 2017இல் மத்திய அரசும் வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது.

ஆகவே கதவைத் திறந்துவிட்டால் போதும், மனநல ஆலோசகர் எதற்கு என்று ஒரு பக்கம் எனக்குத் தோன்றத்தான் செய்கிறது. பிள்ளையைத் தாயிடமிருந்து பிரித்து வைத்துவிட்டு, பிரிவின் வலிக்கு ஒருவரை வைத்துப் பேச்சு மருந்து கொடுப்பது நியாயமில்லை. ஆனால் உள்ளே வந்து உட்கார்ந்துவிட்ட தாய்க்கு இன்னொரு பாரம் ஏறுகிறது. பகலும் இரவும் அங்கேயே இருப்பவள் எல்லாவற்றையும் பார்க்கிறாள். தன் பிள்ளையின் வார்மருக்கு அடுத்த வார்மரில் மருத்துவர் இரண்டு விரலால் ஒரு சின்ன நெஞ்சை அமுக்கிக்கொண்டிருப்பதைப் பார்க்கிறாள். பிறகு அமுக்குவது நிற்பதைப் பார்க்கிறாள். திரை இழுக்கப்படுவதைப் பார்க்கிறாள். நேற்று ராத்திரி தாய்மார் வார்டில் தன்னோடு பக்கத்தில் உட்கார்ந்து கிண்ணத்தில் பால் பீய்ச்சியவளின் பிள்ளை அது. அவள் போய் அந்தப் பெண்ணின் கையைப் பிடிப்பாள் என்றுதான் நாம் எதிர்பார்ப்போம். பெரும்பாலும் பிடிப்பதில்லை. பிள்ளையை இழந்தவள் துணிமணியைப் பைக்குள் அடைத்துக்கொண்டு கிளம்புகிறவரை மற்ற தாய்மார் அவள் முகத்தைப் பார்க்காமல் திரும்பிக்கொள்கிறார்கள். கல்நெஞ்சக்காரிகள் என்று அவர்களைச் சொல்லிவிட முடியாது. அந்த முகத்தைப் பார்த்தால் அது தன் பிள்ளைக்கும் ஒட்டிக்கொள்ளும் என்ற பயம் அவர்களுக்கு. நம் பெண்கள் ஒருவருக்கொருவர் பேசி ஆற்றிக்கொள்வார்கள், வெளிநாட்டு வைத்தியம் எதற்கு என்று சொல்கிறவர்கள் இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். தாய்மார் வார்டுப் பேச்சு பெரிய ஆறுதல், சந்தேகமில்லை. யாருக்கு எத்தனை கிராம் ஏறியது, யார் பிள்ளை பாலாடையில் குடிக்கத் தொடங்கியது என்று அங்கே எல்லாருக்கும் தெரியும். ஆறுதல் மிக அதிகமாக வேண்டியிருக்கிற அந்த ஒருநாள் மட்டும் அந்தப் பேச்சு நின்றுவிடுகிறது. அப்போது அந்த முகத்தைப் பார்த்துப் பயந்து ஓடாத ஒருவர் வேண்டும்.

குற்றவுணர்வைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஏழு மாசத்தில் பிறந்தால் தங்கும், எட்டு மாசத்தில் பிறந்தால் தங்காது என்று நம் வீடுகளில் ஒரு பேச்சு உண்டு. மருத்துவத்தில் அதற்கு நேர் எதிர்தான் உண்மை. வயிற்றில் கூடுதலாக இருக்கும் ஒவ்வொரு வாரமும் நுரையீரலுக்கு லாபம். ஆனாலும் மாமியார் கதவோரத்தில் நின்று, "எட்டாம் மாசத்துலல்ல பொறந்திருக்கு" என்று ஒரு வரி சொல்லிவிட்டால் அது மருத்துவர் சொன்ன பத்து வரியைவிட ஆழமாக இறங்குகிறது. அதற்குப் பிறகு அவள் கணக்குப் போட ஆரம்பிக்கிறாள். அஞ்சாம் மாசத்தில் பப்பாளி தின்றது, கிரகணத்தன்று வெளியே போனது, குடம் தூக்கியது, வண்டியில் மேடு பள்ளத்தில் போனது, நாத்தனாரோடு சண்டை போட்டது, இந்தக் கர்ப்பம் இப்போது வேண்டாமே என்று ஒருநாள் மனதில் நினைத்தது. கடைசியில் சொன்னதை அவள் யாரிடமும் சொல்வதில்லை. மருத்துவர், "உனக்கு பிரஷர் ஏறிடுச்சும்மா, அதனாலதான் சீக்கிரம் எடுக்க வேண்டியதாச்சு, உன் தப்பு ஒண்ணும் இல்ல" என்று மனதாரச் சொல்கிறார். அவளும் தலையாட்டுகிறாள். தலையாட்டியது மருத்துவருக்காக. உன் தப்பு இல்லை என்று அவசரமாகச் சொல்லப்பட்ட ஒருத்தி, தப்பு என்று தான் நினைப்பதை அப்புறம் எங்கே போய்ச் சொல்வாள்? கேட்கப் பயிற்சி பெற்றவர் இங்கேதான் வேறுபடுகிறார். அவர் தேற்ற அவசரப்படுவதில்லை. பப்பாளியையும் கிரகணத்தையும் மறுக்காமல் கேட்டுக்கொண்டே இருந்தால், ஒருநாள் அந்தக் கடைசி நினைப்பும் வாய்க்கு வந்துவிடுகிறது. வந்த பிறகு அவளால் பிள்ளையை நிமிர்ந்து பார்க்க முடிகிறது.

லண்டனில் இந்த வேலைக்கு ஒரு மரபே இருக்கிறது. டாவிஸ்டாக் கிளினிக்கில் எஸ்தர் பிக் 1948இல் ஒரு பயிற்சியைத் தொடங்கினார். உளசிகிச்சை கற்கிறவர் வாரம் ஒருமுறை ஒரு வீட்டுக்குப் போய், ஒரு குழந்தையையும் அதன் தாயையும் ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டும். அறிவுரை கூடாது, குறிப்பெடுக்கக் கூடாது, திரும்பி வந்த பிறகு கண்டதை எழுதி ஒரு சிறு குழுவில் படிக்க வேண்டும். அதே பார்வையோடு குழந்தை உளசிகிச்சையாளர்கள் பச்சிளங்குழந்தைப் பிரிவுகளுக்குள்ளும் போனார்கள். அப்படிப் பல ஆண்டு வேலை செய்த மார்கரெட் கோஹன் 2003இல் ஒரு புத்தகம் எழுதியிருக்கிறார். எல்லார் கையிலும் ஒரு வேலை இருக்கும் அந்த அறையில், கையில் ஒரு வேலையும் இல்லாமல் ஒருவர் ஒரு பெட்டியருகே நின்று ஒரே ஒரு குழந்தையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. அவர் கவனிக்கிறார்: பெரிய சத்தம் கேட்டதும் பிள்ளை பத்து விரலையும் விரிக்கிறது, அம்மாவின் குரல் வந்ததும் புருவம் லேசாக உயர்கிறது, ஊசி போட்ட பிறகு வெகுநேரம் நெற்றிச் சுருக்கம் போகவில்லை. அதைத் தாயிடம் சொல்கிறார். எடையும் ஆக்ஸிஜன் அளவும் மட்டுமே சொல்லப்பட்டுக்கொண்டிருந்த அவளுக்கு, தன் பிள்ளைக்குப் பிடித்தது ஒன்றும் பிடிக்காதது ஒன்றும் இருக்கிறது என்று முதல்முறையாகத் தெரிகிறது. வைத்தியம் என்று பார்த்தால் இது ஒன்றுமே இல்லாததுபோல் இருக்கும். ஆனால் எண்களாகக் கிடந்த ஒன்று அவளுக்குப் பிள்ளையாக மாறுவது இந்த இடத்தில்தான்.

நம் மருத்துவமனைகளில் பெற்றோரிடம் பேசுவதே இல்லை என்று சொல்ல மாட்டேன். தினமும் பேசுகிறார்கள். ஒரு குறிப்பிட்ட நேரத்தில் அப்பாவைக் கூப்பிட்டு, நிலைமை இதுதான், கிருமித் தொற்று ஏறியிருக்கிறது, வென்டிலேட்டரில் போட்டிருக்கிறோம், எதுவும் சொல்ல முடியாது என்று நின்றவாக்கில் சொல்லி, சொன்னதற்குச் சாட்சியாகக் கையெழுத்து வாங்கி, கவுன்சிலிங் முடிந்தது என்று கேஸ் ஷீட்டில் குறித்துக்கொள்கிறார்கள். அவர் பேனாவை வாங்கும்போது கை நடுங்குவது தெரிகிறது. எங்கே போட வேண்டும் என்று இரண்டு தடவை கேட்கிறார். மருத்துவருக்கு இன்னும் முப்பது பிள்ளைகள் காத்திருக்கின்றன. அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இந்த ஏற்பாட்டில் தகவல் ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கம் போகிறது, அவ்வளவுதான். கேட்டவருக்குள் அது என்ன செய்தது என்று கேட்டறியும் நேரம் யாருடைய பணி நேரத்திலும் எழுதப்படவில்லை. அந்த அப்பா கீழே இறங்கிப் போய் என்ன செய்கிறார்? பல சமயம் அம்மா இன்னொரு ஊரில் இருக்கிறாள். தாலுகா மருத்துவமனையில் பிரசவம் ஆகி, பிள்ளையை மட்டும் 108 ஆம்புலன்ஸில் மருத்துவக் கல்லூரிக்கு ஏற்றி விட்டிருப்பார்கள். அவர் தினமும் பஸ்ஸில் போய், அவள் பீய்ச்சித் தந்த பாலைச் சின்ன டப்பாவில் வாங்கி, ஐஸ் வைத்த பையை மடியில் பிடித்துக்கொண்டு திரும்பி வருகிறார். அவள், "பிள்ள எப்படி இருக்கு?" என்கிறாள். அவர், "நல்லா இருக்கு, இன்னைக்குக் கை காலெல்லாம் ஆட்டுச்சு" என்கிறார். வென்டிலேட்டர் பற்றிச் சொல்வதில்லை. சொன்னால் பால் நின்றுவிடும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அவள் பாலைக் காப்பாற்ற அவர் தன் பயத்தை விழுங்குகிறார். ஆண்களுக்கு இதெல்லாம் வேண்டியதில்லை என்று நினைக்கிற எவரும் அந்த பஸ் பயணத்தை ஒருமுறை நினைத்துப் பார்க்கட்டும்.

இனி சிஸ்டர்கள். எனக்கு உறுத்தல் அதிகம் இங்கேதான். குறைமாதக் குழந்தை சில சமயம் மூச்சு விடுவதையே மறந்துவிடும். மூளையில் மூச்சுக்கான இடம் இன்னும் முதிர்ந்திருக்காது. பதினைந்து இருபது விநாடி ஓய்ந்துவிடும், உடம்பு நீலம் பாரிக்கும், மானிட்டர் கத்தும். அப்போது சிஸ்டர் ஓடி வந்து உள்ளங்காலில் விரலால் ஒரு சுண்டு சுண்டுகிறார். பிள்ளை சிணுங்கி மறுபடி மூச்சை இழுக்கிறது. சிஸ்டர் அடுத்த வார்மருக்குப் போகிறார். ஒரு இரவில் எத்தனையோ தடவை இது நடக்கிறது. சுண்டிச் சுண்டி உயிரைத் திருப்பிக் கொண்டுவந்த அதே கை, ஒருநாள் சுண்டியும் வராத பிள்ளையின் கன்னத்துப் பிளாஸ்திரியைத் தோல் உரியாமல் ஈரப் பஞ்சு வைத்து எடுக்கிறது. குழாய்களை உருவி, துடைத்து, புதுத் துணியில் சுற்றி, அப்பாவின் கையில் கொடுக்கிறது. வார்மரைக் கிருமிநாசினி போட்டுத் துடைத்த ஈரம் காயுமுன்னே அடுத்த அட்மிஷன் வந்துவிடுகிறது. அந்தச் சிஸ்டர் பல நேரம் இருபத்தைந்து வயதுகூட ஆகாதவர், தொகுப்பூதியத்தில் இருப்பவர், பல சமயம் அவரே கர்ப்பிணி. ஏழு மாத வயிற்றோடு, ஏழு மாதத்தில் பிறந்த பிள்ளைக்குப் பால் அளந்து ஊற்றிக்கொண்டிருக்கும் ஒரு பெண்ணுக்குள் என்ன ஓடும் என்று அந்தக் கட்டடத்தில் யாராவது கேட்டிருப்பார்களா?

இசபெல் மென்ஸீஸ் என்ற உளவியலாளர் லண்டனின் பெரிய மருத்துவமனை ஒன்றில் செய்த ஆய்வு 1960இல் வெளியானது. பயிற்சிச் செவிலியர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் பாதியில் ஓடிவிடுவது ஏன் என்பது அங்கிருந்த கவலை. அவர் கண்டது இது: நோயாளியின் துன்பம் செவிலியரைத் தொட்டுவிடாதபடி மருத்துவமனை தன் வேலைமுறையையே ஒரு கவசமாக அமைத்துக்கொண்டிருந்தது. ஒருவர் ஒரு நோயாளியை முழுதாகக் கவனிக்க விடாமல், எல்லார் காய்ச்சலையும் ஒருவர் பார்ப்பது, எல்லார் படுக்கையையும் ஒருவர் மாற்றுவது என்று வேலையைத் துண்டாக்கினார்கள். நோயாளியைப் பெயர் சொல்லாமல் படுக்கை எண்ணாலும் நோயாலும் குறித்தார்கள். முடிவெடுப்பதை மேலே மேலே தள்ளினார்கள். கவசம் வலியைத் தடுத்தது, கூடவே வேலையின் நிறைவையும் தடுத்தது. நல்லவர்களும் உணர்வுள்ளவர்களும்தான் முதலில் வெளியேறினார்கள். இதைப் படித்தபோது நம் ஊர்ப் பிரிவுகள் எல்லாம் கண்ணுக்குள் வந்தன. ஆறாம் நம்பர், எண்ணூத்தி இருபது கிராம், செப்சிஸ் என்று சொல்கிற சிஸ்டரின் குரலில் ஒரு வறட்சி இருக்கும். "போய் வெளிய உக்காரும்மா, நீ அழுதா மத்தவங்களும் அழுவாங்க" என்று அதட்டுகிற குரலும் அதுதான். அந்த அதட்டலை அலட்சியம் என்று பெற்றோர் புகார் சொல்கிறார்கள். தன் அழுகைக்கு இடம் இல்லாத ஒருத்தியால் இன்னொருத்தியின் அழுகையைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியாது. தாய்க்கு அழ இடம் கொடு என்று அவருக்கு ஒருநாள் பயிற்சி வகுப்பு நடத்திச் சான்றிதழ் கொடுப்பதால் ஒன்றும் மாறாது.

ஆகவே அந்தப் பிரிவுக்கு வருகிறவர் தாய்க்கு மட்டுமானவராக இருந்தால் அவர் வேலை பாதியில் நின்றுவிடும். சிகிச்சை தருகிறவர்களைக் கேட்பதற்கும் ஒரு முன்மாதிரி உண்டு. ஹங்கேரியிலிருந்து லண்டன் வந்த மைக்கேல் பாலின்ட் 1950களில் குடும்ப மருத்துவர்களைச் சிறு வட்டங்களாகக் கூட்டினார். தன்னை வருத்தும் ஒரு நோயாளியைப் பற்றி ஒரு மருத்துவர் சொல்வார், மற்றவர்கள் கேட்பார்கள், சரி தவறு பிரிப்பதைவிட அந்த நோயாளி இவருக்குள் எதைக் கிளறினார் என்பதே பேச்சு. உலகின் பல நாடுகளில் அந்த வட்டங்கள் இன்றும் நடக்கின்றன. ஒரு மரணத்துக்குப் பிறகு பணிநேரத்துக்குள்ளேயே அரைமணி நேரம், ஆயாவும் சிஸ்டரும் பயிற்சி மருத்துவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து இப்படிப் பேச முடியுமானால் எத்தனையோ அதட்டல்கள் அங்கேயே கரைந்துபோகும். இங்கே எனக்கு ஒரு பெரிய சந்தேகமும் உண்டு. பதவிப்படிகள் இவ்வளவு செங்குத்தான இடத்தில், பெரிய டாக்டர் முன்னால் ஆயா வாய் திறப்பாரா? பேசியது நாளைக்கு மெமோவாக மாறாது என்று யார் உத்தரவாதம் தருவது? பேசச் சொல்லிவிட்டு ஆள் பற்றாக்குறையை அப்படியே வைத்திருந்தால், அது சிஸ்டரின் களைப்பை அவர் மனக்குறையாகத் திருப்பிவிடும் தந்திரமாகப் போய்விடாதா? இந்தக் கேள்விகளுக்கு உளசிகிச்சை விடை சொல்லாது. போதுமான செவிலியரும் நிரந்தரப் பணியும் முதலில் வேண்டும். அவை கிடைத்த இடத்திலும் பிள்ளைகள் இறக்கத்தான் செய்யும்; அந்தத் துக்கத்துக்கு ஊதிய உயர்வு மருந்தாகாது. இரண்டும் வேண்டும் என்பதே என் எண்ணம். இன்னொன்றும் சொல்ல வேண்டும். கேட்கிறவரும் மனிதர்தான். அவர் கேட்டதையெல்லாம் இறக்கி வைக்க அவருக்கு மேலே ஒரு அனுபவசாலி இருக்க வேண்டும் என்பது இந்தத் தொழிலின் அடிப்படை விதி. தாயை ஒருவர், சிஸ்டரை ஒருவர், அவர்களைக் கேட்டவரை இன்னொருவர் என்று தாங்கிப்பிடிக்கும் ஒரு தொடர் அது. இதில் ஒரு கண்ணி விட்டுப்போனாலும் பாரம் முழுக்க அடியில் இருப்பவர் தலையில், பெரும்பாலும் தாயின் தலையில், இறங்கிவிடும்.

பிள்ளை போன பிறகும் பால் நிற்பதில்லை. மூன்றாம் நாள் நான்காம் நாள் மார் கல்லாகக் கட்டிக்கொள்கிறது, சட்டை நனைகிறது, பக்கத்து வீட்டுக் குழந்தை அழுதால்கூடச் சுரக்கிறது. நம் பெண்களுக்கு இதற்கு ஒரு கைவைத்தியம் தெரியும். மல்லிகைப் பூவை மார்மேல் வைத்து இறுக்கிக் கட்டுவார்கள், பால் வற்றிவிடும். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் இதைச் சோதித்து, மாத்திரைக்கு இணையாக மல்லிகையும் பால் சுரப்பைக் குறைக்கிறது என்று 1988இல் எழுதினார்கள். இதை நினைக்கும்போதெல்லாம் நம் முன்னோர் மேல் மரியாதையும் ஒரு வருத்தமும் சேர்ந்தே வருகின்றன. மகிழ்ச்சிக்குச் சூடுகிற பூவை எடுத்து, துக்கத்தில் கட்டிப்போன மாரில் வைக்கிற அளவுக்கு ஒரு தாயின் உடம்பை உற்றுப் பார்த்தவர்கள் இருந்திருக்கிறார்கள். மனதுக்கு அப்படி ஒன்றும் வைத்துவிட்டுப் போகவில்லை. "அடுத்ததைப் பெத்துக்கலாம், வயசு இருக்கு" என்பதுதான் அதற்குக் கிடைக்கிற மருந்து. அடுத்தது வரும்போது அவள் அந்தப் பத்து மாதமும் எப்படி இருக்கிறாள் என்று யாரும் போய்ப் பார்ப்பதில்லை. பிழைத்து வீட்டுக்குப் போன பிள்ளையின் அம்மாவும் தப்பவில்லை. மானிட்டர் இருந்த இடத்தில் அலறலுக்குப் பயந்தவள், மானிட்டர் இல்லாத வீட்டில் மூச்சுச் சத்தத்துக்குக் காது வைத்து இரவெல்லாம் விழித்திருக்கிறாள். மறு பரிசோதனை அட்டையில் கண்ணுக்கும் காதுக்கும் எடைக்கும் தேதி எழுதியிருக்கிறது. அவளுக்கு ஒரு தேதி எழுதப்படவில்லை.

இதனாலெல்லாம் பலன் உண்டா என்று கேட்பவர்களுக்கு ஆய்வுகளும் இருக்கின்றன. ஸ்டான்ஃபோர்டில் ரிச்சர்ட் ஷா குழுவினர், குறைமாதப் பிள்ளைகளின் தாய்மாருக்கு ஆறே அமர்வுகளில் கொடுத்த சிகிச்சை, அதிர்ச்சியின் பின்விளைவுகளையும் மனச்சோர்வையும் குறைத்ததாக 2013இல் காட்டினார்கள். பெர்னடெட் மெல்னிக் 2006இல் வெளியிட்ட ஆய்வில், தொடக்கத்திலிருந்தே தகவலும் பயிற்சியும் பெற்ற பெற்றோரின் பிள்ளைகள் ஏறத்தாழ 4 நாள் முன்னதாகவே வீடு திரும்பின. அமெரிக்காவில் 2015இல் வெளியான பரிந்துரைகள், 20 படுக்கையும் அதற்கு மேலும் உள்ள பிரிவுக்கு ஒரு சமூகப் பணியாளரும் ஓர் உளவியலாளரும் அந்தப் பணியாளர் குழுவுக்குள்ளேயே இருக்க வேண்டும் என்கின்றன. உலகில் 2020இல் குறைமாதத்தில் பிறந்தவை ஏறத்தாழ 1 கோடியே 34 லட்சம். அவற்றில் 30 லட்சம் இந்தியாவில். இவ்வளவு பெரிய எண்ணிக்கைக்குப் படித்த உளவியலாளர்கள் எங்கே கிடைப்பார்கள் என்பது நியாயமான கேள்விதான். ஆனால் ஒரு மாவட்டத் தலைமை மருத்துவமனையின் பச்சிளங்குழந்தைப் பிரிவுக்கு ஒருவர் என்று கணக்கிட்டால் அது எட்டாத எண்ணிக்கை இல்லை. வென்டிலேட்டர் வாங்கப் பணம் ஒதுக்கும் அரசால் அந்த ஒரு பணியிடத்தை உருவாக்க முடியும். அவருக்குக் கூடுதலாக மருந்துப் பதிவேடும் கணினிப் பதிவும் கொடுத்துவிடக் கூடாது. அவர் வேலை தாயோடும் அப்பாவோடும் சிஸ்டரோடும் உட்கார்ந்திருப்பது மட்டுமே என்று ஆணையில் எழுதப்பட வேண்டும். அவருக்கும் மாதம் ஒருமுறை மூத்தவர் ஒருவரோடு பேச ஏற்பாடு வேண்டும். ஒவ்வொரு வார்மர் பக்கத்திலும் தாய்க்கு ஒரு நாற்காலியும், சிஸ்டர்களுக்குக் கதவு சாத்திக்கொள்ள ஒரு சின்ன அறையும் வேண்டும். மக்கள் நல்வாழ்வுத் துறையில் முடிவெடுக்கும் இடத்தில் இருப்பவர்கள் இதைப் படிக்க நேர்ந்தால், என் வேண்டுகோள் இந்த மூன்றுதான்: ஒரு பணியிடம், ஒரு நாற்காலி, ஓர் அறை.